குடுவையின் அடியை முதலில் பாருங்கள்: கரைதிறன் சோதனையில் எண் தவறினால் செய்யவேண்டியவை

நீரில் ஒரு பொருள் எவ்வளவு கரையும் என்று கண்டுபிடிப்பது, சொல்லக் கேட்டால் சின்ன வேலை. பொடியைப் போட வேண்டும், குலுக்க வேண்டும், தெளிந்ததை எடுத்து அளக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகள் மேற்பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: தவறான எண்ணோடு ஒரு மாணவர் வந்து நிற்கும்போது அவர் முதலில் சந்தேகிப்பது பியூரெட்டை, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயை. நான் முதலில் கேட்பது, "குடுவையைக் கழுவிவிட்டீர்களா?" என்று. கழுவியிருந்தால் பாதிச் சாட்சி போய்விட்டது. கரைதிறன் என்ற எண் கரைசலுக்கு மட்டும் உரியது அன்று. அடியில் கரையாமல் கிடக்கும் திண்மத்துக்கும் மேலே நிற்கும் நீருக்கும் இடையே ஏற்படும் உடன்பாடு அது. அந்தத் திண்மம் இருந்ததா, எது இருந்தது, எந்த வெப்பநிலையில் இருந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிழை தேட முடியாது.

எடுத்துக்காட்டாக பென்சாயிக் அமிலத்தை வைத்துக்கொள்கிறேன். மலிவானது, அளப்பதற்கு எளியது, தவறு செய்தால் உடனே காட்டிக்கொடுப்பது. ஒரு லிட்டர் நீரில் 18 டிகிரி செல்சியஸில் 2.7 கிராம், 25 டிகிரியில் 3.44 கிராம், 40 டிகிரியில் 5.51 கிராம், 75 டிகிரியில் 21.45 கிராம் கரையும். இயல்பான ஓட்டம் இப்படி இருக்கும்: மூடியுள்ள குடுவையில் 100 மி.லி. வாலை வடிநீர், 1 கிராம் அமிலம், 25 டிகிரியில் வாட்டர் பாத் (வெப்பநிலை மாறாமல் வைக்கும் நீர்த்தொட்டி), அவ்வப்போது குலுக்கி 24 மணி நேரம். பிறகு தெளிந்த கரைசலில் 10 மி.லி. எடுத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்து, 0.02 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் தரம் பார்த்தல், அதாவது அமிலம் முழுதும் நடுநிலையாக எவ்வளவு காரம் வேண்டும் என்று அளத்தல். பியூரெட்டில் 14.1 மி.லி. அளவில் வெளிர் இளஞ்சிவப்பு வரவேண்டும். மூலக்கூறு எடை 122.12 என்று கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இனி அறிகுறிகள்.

மூன்று குடுவைகளும் அச்சாக ஒத்துப்போகின்றன, நூல் மதிப்பைவிடக் குறைவு

ஒரு முறை மூன்று குடுவைகளிலும் 12.3, 12.3, 12.3 என்று வந்தது. இப்படி ஒத்துப்போகும் முடிவைப் பார்த்து மகிழாத மாணவர் கிடையாது. நானும் ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். 12.3 மி.லி. என்றால் லிட்டருக்கு 3.0 கிராம். எவ்வளவு எடை போட்டீர்கள் என்று கேட்டேன். "ஒவ்வொன்றிலும் 0.300 கிராம்." அதாவது 100 மி.லி. நீரில் 0.300 கிராம் போட்டு, எல்லாம் கரைந்து, போட்டதையே திரும்ப அளந்திருக்கிறார்கள். அது அவர்களின் தராசு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. கரைதிறனைப் பற்றி அது சொல்வது, 3.0 கிராமுக்குக் குறைவு இல்லை என்பது மட்டுமே.

குடுவையின் அடியில் கண்ணுக்குத் தெரியும் அளவு திண்மம் கடைசிவரை கிடக்கவேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 105ஆம் சோதனை வழிகாட்டி, முன்சோதனையில் கிடைத்த தோராய அளவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பொருளைப் போடச் சொல்கிறது. முன்சோதனையும் கடினமானதன்று: மூடியுள்ள 10 மி.லி. அளவு உருளையில் 0.1 கிராம் பொடி, அதில் சிறிது சிறிதாக நீர், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடக் குலுக்கல், எந்த அளவில் பொடி காணாமல் போகிறது என்ற கவனிப்பு. உருளை போதாவிட்டால் 100 மி.லி. பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அரைமணி நேர வேலை. இதைத் தவிர்த்துவிட்டு மூன்று நாள் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாளுக்கு நாள் எண் ஏறிக்கொண்டே போகிறது

முதல் நாள் லிட்டருக்கு 2.6 கிராம், இரண்டாம் நாள் 3.0, மூன்றாம் நாள் 3.3. சமநிலை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதற்கும் குடுவையைத்தான் பார்க்கவேண்டும், ஆனால் இம்முறை அடியை அல்ல, மேற்பரப்பை. பென்சாயிக் அமிலத்தின் அடர்த்தி 1.27; நியாயப்படி மூழ்கவேண்டும். ஆனால் நீர் அதை எளிதில் நனைப்பதில்லை. நுண்பொடி நீர்ப்பரப்பில் மாவுபோல் படர்ந்து, குடுவையின் கழுத்தில் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொண்டு, காற்றுக் குமிழிகளைப் போர்த்திக்கொண்டு மிதக்கும். ஒரு கிராம் போட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதோ அதில் ஒரு சிறு பகுதி.

சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் மூழ்கிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். சோப்பு அமிலத்தோடு வினைபுரியும்; மற்ற சலவைப் பொருட்களும் கரைதிறனையே மாற்றிவிடும். ஆல்கஹாலும் அப்படியே. பொடியைச் சிறிது நீரோடு கல்வத்தில் குழைத்துக் குழம்பாக்கி, அந்தக் குழம்பைக் குடுவையில் கழுவி ஊற்றுவதே நல்ல வழி. காந்தக் கலக்கி இருந்தால் நீர்ப்பரப்பில் சிறு சுழிப்பு தெரியும் வேகத்தில் ஓடட்டும்.

கரையும் வேகம் எதைப் பொறுத்தது என்பதை 1897இல் ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. அவர்கள் நீரில் சுழற்றிப் பார்த்த பொருட்களில் ஒன்று இதே பென்சாயிக் அமிலம். மற்றொன்று காரீயக் குளோரைடு. தெவிட்டும் அளவுக்கும் (இதற்குமேல் கரையாது என்ற அளவு) அந்த நேரத்தில் கரைந்திருக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தே வேகம் அமைகிறது என்பது அவர்கள் கண்டது. நடைமுறையில் இதன் பொருள், முதல் மணி நேரத்தில் வேகமாக ஏறும் எண், கடைசிச் சில சதவீதத்துக்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் என்பது. "நான்கு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது" என்று தோன்றும் மயக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

அடங்கிவிட்டதா என்று உறுதி செய்ய நான் நம்பும் ஒரே வழி, இரு திசைகளிலிருந்து வருவது. ஒரு குடுவையை நேராக 25 டிகிரியில் வையுங்கள். இன்னொன்றை ஒரு நாள் 30 அல்லது 35 டிகிரியில் குலுக்கிவிட்டு, பிறகு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் விடுங்கள். முதலாவது கீழிருந்து ஏறி வரும். இரண்டாவது மேலிருந்து, மிகுந்ததைப் படிகமாக உதிர்த்துக்கொண்டே இறங்கி வரும். இரண்டும் சந்தித்தால் அது சமநிலை. இரண்டாவதில் சூட்டிலும் திண்மம் மிச்சம் இருக்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது; எல்லாம் கரைந்துவிட்டால் குளிரும்போது படிகம் உண்டாகப் பற்றுக்கோடு இல்லாமல், கரைதிறனுக்கு மேல் கரைந்த அதிதெவிட்டிய கரைசலாகவே நின்றுவிடக்கூடும். ஓ.இ.சி.டி. முறையும் மேலிருந்து இறங்குவதுதான்: 30 டிகிரியில் மூன்று குடுவைகளை முறையே ஒன்று, இரண்டு, மூன்று நாட்கள் குலுக்கி, ஒவ்வொன்றையும் 20 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து அளக்கிறார்கள். கடைசி இரண்டுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் ஏற்கலாம் என்பது விதி. எல்லா வகைப் பொருட்களுக்கும் பொதுவான விதி என்பதால் அந்தத் தாராளம். பென்சாயிக் அமிலத்தில் 15 சதவீதம் விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பாது. 2 சதவீதத்துக்குள் வராவிட்டால் திரும்பச் செய்யச் சொல்வேன்.

பிப்பெட்டுக்குள் வெள்ளை ஊசிகள், அல்லது வடிகட்டியது சற்று நேரத்தில் கலங்குகிறது

இந்தச் சோதனை கெட்டுப்போகும் இடங்களில் முதன்மையானது, வாட்டர் பாத்துக்கும் கூம்புக் குடுவைக்கும் இடையே உள்ள அந்த அரை நிமிடம். ஒரு நாள் முழுக்கப் பொறுமையாக 40 டிகிரியில் வைத்திருந்து, கடைசியில் குளிர்ந்த பிப்பெட்டை (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) விட்டு உறிஞ்சினால், கரைசல் பிப்பெட்டின் சுவரைத் தொட்டவுடன் படிகமாகும். 25 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த அமிலத்தின் கரைதிறன் ஏறத்தாழ 3 சதவீதம் மாறுகிறது. 40 டிகிரிக் கரைசல் 34 டிகிரி அறையில் ஆறினால், கரைந்ததில் ஆறில் ஒரு பங்குவரை வெளியேற இடம் உண்டு.

ஆனால் எல்லா ஊசிகளும் குற்றவாளிகள் அல்ல. திண்மத்தை வடிகட்டி நீக்கிய பிறகு பிப்பெட்டுக்குள் உண்டாகும் படிகம் மாதிரியின் ஒரு பகுதியே. அதை விட்டுவிட்டால்தான் பிழை. சிறிது வெந்நீரால் பிப்பெட்டைக் கூம்புக் குடுவைக்குள்ளேயே கழுவிவிடுங்கள், கணக்கு நேராகிவிடும். வடிகட்டுவதற்கு முன்போ வடிதாளின் மேலோ உண்டாகும் படிகம் போனது போனதுதான். அதனால் புனலில் வடிதாள் வைத்து முழுக் கரைசலையும் ஊற்றி வடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. பதிலுக்கு, குலுக்குவதை நிறுத்தி, பாத்துக்குள்ளேயே அரைமணி நேரம் படியவிட்டு, பிப்பெட்டின் நுனியில் ஒரு சிறு ரப்பர்க் குழாயும் அதனுள் கண்ணாடிப் பஞ்சும் பொருத்தி, குடுவை பாத்தில் நிற்கும்போதே நடுமட்டத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். நுனியைக் கழற்றிவிட்டு அளவுக்கோட்டைச் சரிசெய்ய வேண்டும். பிப்பெட்டை அதே வெப்பநிலையில் முன்பே வைத்திருப்பது இன்னும் நல்லது. அளவை நம்ப முடியாத சூட்டில், எடை போட்ட மூடியுள்ள குப்பியில் கரைசலை விட்டு மீண்டும் எடை போடுங்கள். எடைக்கு வெப்பநிலை தெரியாது.

நம் ஊரில் இதன் மறுபக்கமும் உண்டு. குளிர்விக்கும் வசதி உள்ள பாத்தில் 25 டிகிரி. அறையிலோ மே மாதத்து 34 டிகிரி. இங்கே ஊசிகள் தோன்றாது, எனவே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வடிதாளின்மேல் திண்மம் கிடக்க, அதன் வழியே இறங்கும் கரைசல் சூடேறி, போகிறபோக்கில் இன்னும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். எண் சத்தமில்லாமல் உயரும். குளிர்விப்பான் இல்லாத பாத்தில் நிலைமை இன்னும் மோசம்: அதில் இருப்பது சூடாக்கும் கம்பிச்சுருள் மட்டும், அறை வெப்பநிலைக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. முகப்பில் 25 என்று திருகிவைத்தால் அது 25 ஆகிவிடாது. அத்தகைய ஆய்வகத்தில் 25 டிகிரியைக் கைவிட்டு 40 டிகிரியில் சோதனை செய்து, 40 டிகிரி மதிப்போடு ஒப்பிடுவதே நேர்மை.

முகப்பில் ஒளிரும் எண்ணையும் நம்பவேண்டாம். வெறும் நீர் நிரப்பிய ஒரு குடுவையை மற்றவற்றோடு வைத்து, அதனுள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். மூலையில் நிற்கும் குடுவை நடுவில் நிற்பதைவிட ஒரு டிகிரி குறைவாக இருந்தாலே 3 சதவீதம் போய்விட்டது. மூன்று குடுவைகளும் ஒத்துப்போகாத வழக்குகளில் நான் முதலில் அவற்றை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பேன். எண்கள் இடத்தோடு ஒட்டிக்கொண்டால் குற்றம் பாத்துடையது, குடுவையோடு போனால் குடுவையுடையது.

எண் மிக அதிகம்

மூன்று காரணங்களைத் தேடலாம். தேடும் வரிசையும் முக்கியம்.

முதலில், கரையாத நுண்பொடி கரைசலோடு வந்துவிட்டதா? கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது போதாது. விளக்கை அணைத்துவிட்டு, விரிவுரைக்குப் பயன்படும் சிவப்பு லேசர் சுட்டியைக் கரைசலின் குறுக்கே பாய்ச்சுங்கள். ஒளிக்கற்றையின் பாதை நெடுகத் தூசிபோல் மின்னினால் வடிகட்டல் போதவில்லை. சாதாரண வடிதாள் போதாதபோது 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டியை நாடலாம்.

இரண்டாவது, பொருளில் கரையும் மாசு. இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு, செலவும் இல்லை. ஒரே அளவு நீரில் ஒரு குடுவைக்கு 1 கிராம், இன்னொன்றுக்கு 3 கிராம் போடுங்கள். தூய பொருளாக இருந்தால், அடியில் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்பதைப் பற்றிக் கரைசலுக்குக் கவலை இல்லை. இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். 3 கிராம் குடுவை கூடுதலாகக் காட்டினால் மாசு கரைந்து வருகிறது. எத்தில் பென்சோயேட்டை நீராற்பகுத்து மாணவர்கள் தாங்களே தயாரித்த அமிலத்தில் இது அடிக்கடி நடக்கும்: வீழ்படிவாக்கப் பயன்படுத்திய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரியாகக் கழுவப்படாமல் தங்கி, சோடியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். கரைசலில் இரு மடங்கு நீர் சேர்த்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் வெள்ளைத் தயிர்போன்ற வீழ்படிவு அதைக் காட்டிவிடும். நீர் சேர்க்காமல் நைட்ரிக் அமிலத்தை விட்டால் பென்சாயிக் அமிலமே படிகமாகி உங்களை ஏமாற்றலாம். மருந்து இதுதான்: முதல் நாள் கரைசலைக் கொட்டிவிட்டு, அதே திண்மத்தைக் குளிர்ந்த நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, புது நீரில் மறுபடி தொடங்குங்கள். உருகுநிலையையும் பார்த்துவிடுங்கள், 122 டிகிரியில் சட்டென்று உருகவேண்டும்.

மூன்றாவது, நீர். வாலை வடிநீர் தீர்ந்துபோய் யாரோ குழாய் நீரைப் பிடித்திருப்பார்கள். கடினநீர் என்பதால் கெடுகிறது என்று நினைப்பார்கள். கெடுப்பது அதிலுள்ள பைகார்பனேட். லிட்டருக்கு 200 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை உள்ள நீரில் 4 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. அது அமிலத்தின் ஒரு பகுதியைப் பென்சோயேட் உப்பாக மாற்ற, மொத்தத்தில் சுமார் 11 சதவீதம் கூடுதலாகக் கரையும் என்று கணக்குச் சொல்கிறது. புறஊதா நிறமாலைமானியில் அளந்தால் அந்தக் கூடுதல் அப்படியே தெரியும். தரம் பார்த்தலில் குழப்பம் கூடுதல்: உப்பாக மாறிய பகுதி பியூரெட்டுக்குத் தெரியாது, வினையில் வெளியான கரியமில வாயு கரைந்து நின்றால் அதுவோ அமிலம்போல் கணக்கில் சேரும். எந்தப் பக்கம் சாயும் என்பது நீங்கள் எவ்வளவு குலுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. தெவிட்டிய கரைசலின் பி.எச். மதிப்பை ஒரு முறை அளந்து குறித்துவைப்பது நல்ல பழக்கம். தூய நீரில் 2.9 அளவில் இருக்கவேண்டும்.

இதற்கிடையே, வடிநீரைக் கொதிக்கவைத்துக் கரியமில வாயுவை விரட்டவேண்டுமா என்று கேட்பார்கள். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் கரைந்திருக்கும் அந்த வாயு, இந்த அமிலத்தின் செறிவுக்கு முன் ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பின் (கால்சியம் ஹைட்ராக்சைடின்) கரைதிறனை அளப்பதாக இருந்தால் கட்டாயம் விரட்டுங்கள். அங்கே கார்பனேட் ஏடாகப் படிந்துவிடும்.

எண் குறைவு, ஆனால் அடியில் திண்மம் நிறைய இருக்கிறது

அளக்கும் முறையைப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட்டுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை, அதாவது கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்கி எஞ்சியதை எடை போடுவதை, பென்சாயிக் அமிலத்துக்கும் செய்திருப்பார்கள். நைட்ரேட் கிண்ணத்தை விட்டுப் போகாது. பென்சாயிக் அமிலம் நீராவியோடு சேர்ந்து கிளம்பும். உலர்ந்த பின்னும் சூடாக்கினால் பதங்கமாகும். கிண்ணத்தின் மேல் குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், தொலைந்துபோன எடை அதில் பளபளப்பான ஊசிகளாகப் பூத்திருக்கும். தும்மலும் வரும். இந்த அமிலத்துக்குத் தரம் பார்த்தலே சரி.

வடிகட்டிச் சவ்வு பொருளை உறிஞ்சிக்கொண்டது என்ற விளக்கத்தையும் மாணவர்கள் விரும்புவார்கள், கேட்கக் கற்றறிந்த விளக்கமாக இருப்பதால். லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே கரையும் பொருட்களில் அது உண்மையான தொல்லை. நைலான் சவ்வு அதில் பேர்பெற்றது. லிட்டருக்கு 3 கிராம் கரையும் பொருளில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. சந்தேகம் தீராவிட்டால், செறிவு தெரிந்த தெளிந்த கரைசல் ஒன்றை அதே சவ்வில் வடித்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். முதல் சில மி.லி. வடிநீரைக் கொட்டிவிடுவது எப்படியும் நல்லது.

நிறங்காட்டியையும் ஒரு பார்வை பார்க்கலாம். பக்கத்து மேசையிலிருந்து மெத்தில் ஆரஞ்சு வந்து சேர்ந்திருந்தால் நிறம் வெகுமுன்னரே, அதுவும் இழுத்தாற்போல் மெல்ல மாறும். பினாப்தலீனில் நிறம் வந்து வந்து மறைந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுதான் காரணம். முப்பது விநாடி நின்றால் போதும், அதற்குமேல் துரத்தவேண்டாம். 0.1 நார்மல் காரத்தைப் பயன்படுத்தியிருந்தால் பியூரெட் வாசிப்பே 2.8 மி.லி. தான் வரும், அதில் 0.05 மி.லி. பிசகு கிட்டத்தட்ட 2 சதவீதம். நீர்த்த காரம் நின்றால் கெடும், எனவே அன்றைக்கே ஆக்சாலிக் அமிலத்தால் தரப்படுத்துங்கள்.

எண் ஏறி, உச்சிக்குப் போய், பிறகு இறங்குகிறது

பென்சாயிக் அமிலத்தில் இதை நீங்கள் பார்க்கக்கூடாது; பார்த்தால் பாத்தின் வெப்பநிலை அலைகிறது. ஆனால் வேறு பொருள்களில் இது பிழையே அல்ல, பொருள் தன் கதையைச் சொல்கிறது. தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை நீரற்ற வடிவத்தில் நீரில் போட்டால், முதலில் அந்த வடிவத்துக்குரிய உயர்ந்த அளவுக்குக் கரையும். பிறகு அடியில் கிடக்கும் திண்மம் நீரை ஏற்று ஒற்றை நீரேற்றாக மாறத் தொடங்கும். நீரேற்று குறைவாகவே கரையும் என்பதால் எண் இறங்கி, அங்கே நிலைக்கும். இரண்டு எண்களும் உண்மையே. எந்தத் திண்மத்தின் எண் எது என்று எழுதாமல் விட்டால் இரண்டும் பொய்.

ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு நடந்தது இதன் பெரிய வடிவம். 1996இல் சந்தைக்கு வந்த அந்த மருந்தில், அதுவரை யாரும் பார்த்திராத, மிகக் குறைவாகக் கரையும் இன்னொரு படிக வடிவம் 1998இல் தலைகாட்டியது. காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கியதே அதைக் காட்டிக்கொடுத்தது. அபாட் நிறுவனம் அந்தக் காப்ஸ்யூல்களைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டு, மருந்தை வேறு வடிவில் தயாரிக்க நேர்ந்தது.

கல்லூரி மேசையில் இதைக் காட்ட சோடியம் சல்பேட் போதும். 32.4 டிகிரிக்குக் கீழே அடியில் கிடப்பது பத்து மூலக்கூறு நீருள்ள படிகம். வெப்பநிலை ஏற ஏற கரைதிறன் செங்குத்தாக ஏறும். 32.4 டிகிரியைத் தாண்டினால் அடியில் கிடப்பது நீரற்ற உப்பு. கரைதிறன் மெல்ல இறங்கும். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் குளிரூட்டாத அறையில், காலை பத்து மணிக்கு இந்தக் கோட்டின் ஒரு பக்கமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபக்கமும் நிற்க நேரும். "அறை வெப்பநிலை" என்று குறிப்பேட்டில் எழுதியவருக்கு அன்று கிடைத்த எண்ணை யாராலும் விளக்க முடியாது.

இந்த அறிகுறி வந்தால், மிஞ்சிய திண்மத்தை எடுத்து வடிதாளில் ஒற்றிக் காற்றில் உலர்த்துங்கள். உலர்த்தடுப்பில் வைக்காதீர்கள், நீரேற்றின் நீர் பறந்து சாட்சி கலைந்துவிடும். போட்ட பொடியையும் மிஞ்சிய திண்மத்தையும் அடுத்தடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்: கட்டியாகப் போட்டது ஊசியாகக் கிடக்கும்.

வெப்பநிலையை உயர்த்தினால் எண் குறைகிறது

கால்சியம் ஹைட்ராக்சைடாக இருந்தால் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 1.73 கிராம் கரையும் அது, 100 டிகிரியில் 0.66 கிராம்தான் கரையும். பென்சாயிக் அமிலத்தில் குறைந்தால் சூடான குடுவையிலிருந்து குளிர்ந்த பிப்பெட்டுக்கு மாற்றிய கதையே. நான்கைந்து வெப்பநிலைகளில் அளந்து, கரைதிறனின் மடக்கையைத் தனி வெப்பநிலையின் (கெல்வின்) தலைகீழ் மதிப்புக்கு எதிரே வரையுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடு வரவேண்டும். மேலே சொன்ன 25, 40 டிகிரி மதிப்புகளின்படி அதன் சாய்வு, மோலுக்கு 24 கிலோஜூல் அளவு கரைதல் வெப்பத்தைத் தரும். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி எந்தக் குடுவையுடையது என்று பார்த்தால் போதும், எந்த நாளில் யார் அவசரப்பட்டார் என்பதும் தெரிந்துவிடும்.

எண் சரி, புத்தகத்தோடு மட்டும் ஒத்துப்போகவில்லை

அலகைப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரியில் 100 கிராம் நீருக்கு 31.6 கிராம், அதையே 100 கிராம் கரைசலுக்குச் சொன்னால் 24.0 கிராம். இரண்டையும் "நூற்றுக்கு" என்று எழுதும் புத்தகங்கள் இருக்கின்றன.

எண் அடங்கவே மாட்டேன் என்கிறது

ஒரு வாரம் ஆகியும் தினமும் கொஞ்சம் ஏறிக்கொண்டே இருந்தால், பொருள் கரைவதோடு நிற்காமல் சிதைகிறதா என்று பாருங்கள். ஆஸ்பிரின் இதற்குப் பேர்போனது. நீரில் மெல்லப் பிரிந்து சாலிசிலிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் ஆகும். ஓர் அமில மூலக்கூறு இருந்த இடத்தில் இரண்டு. போன ஆஸ்பிரினின் இடத்தை நிரப்ப அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் கரையும். பியூரெட் வாசிப்பு ஏறத்தான் செய்யும். கரைசலில் ஒரு சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு விட்டு ஊதா நிறம் வருகிறதா என்று பாருங்கள். நாளுக்கு நாள் அது அடர்த்தியானால் விடை கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட பொருளுக்கு நீண்ட சமநிலை நேரம் உதவாது. நன்றாகப் பொடித்து, வேகமாகக் கலக்கி, சில மணி நேரத்திலேயே பலமுறை மாதிரி எடுத்து, ஆஸ்பிரினை மட்டும் பிரித்து அளக்கும் முறையை நாட வேண்டும்.

குலுக்கியது பால்போல் நிற்கிறது, தெளியவே இல்லை

லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரையும் பொருளைக் குடுவையில் போட்டுக் குலுக்கினால், கரைந்ததைவிட மிதப்பது பல மடங்கு இருக்கும். அதை எவ்வளவு வடித்தாலும் நம்பிக்கை வராது. ஓ.இ.சி.டி. வழிகாட்டி அந்த எல்லைக்குக் கீழே குடுவையைக் கைவிடச் சொல்கிறது. கண்ணாடி மணி போன்ற கரையாத் துகள்களின்மேல் பொருளை மெல்லிய பூச்சாகப் பூசி, அதை ஒரு குழலில் அடைத்து, நீரை மெதுவாக ஓடவிட்டு, வெளிவரும் நீரின் செறிவு மாறாமல் நிற்கும்வரை அளக்கவேண்டும். நீர் ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் செறிவு அப்படியே இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வேகத்தோடு செறிவும் மாறினால் குழலைப் பிரித்து, பூச்சு இன்னும் துகள்களின்மேல் இருக்கிறதா, கழுவிக்கொண்டு போய்விட்டதா என்று பாருங்கள்.